அம்மாவின் டயட் சார்ட்டில் இல்லாதது

போன வருடம் அம்மாவைச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். மருத்துவர் பார்த்து முடித்ததும் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அவருடைய முதல் கேள்வி: "அம்மா, நீங்க வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?" அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு, "வெஜ்ஜுதாம்மா" என்றார்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பெரிய கறி. வாரத்தில் இரண்டு நாள் கருவாடு. காசு இருந்தால் முட்டை. வெளியே வந்ததும், "ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "வேற என்னான்னு சொல்றது? நான்-வெஜ்ஜுன்னா என்ன கறின்னு கேப்பாங்க. அத்தினி பேரு உக்காந்திருக்காங்க" என்றார்.

கையில் கொடுத்த டயட் சார்ட்டில் காலை உணவு இப்படி இருந்தது: ஓட்ஸ் கஞ்சி அல்லது பனீர் டோஸ்ட், முளைகட்டிய பயறு, ஆறு பாதாம். அம்மா அதை ரேஷன் கார்டு வைக்கும் கவருக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். மருத்துவமனையில் சொன்னதை மீறுகிறவர் அல்ல அவர். தன்னால் முடிந்த அளவு கடைப்பிடித்தார். அதாவது, சார்ட்டில் இல்லாத கறியையும் கருவாட்டையும் நிறுத்தினார். சார்ட்டில் இருந்த பனீரையும் பாதாமையும் வாங்க முடியவில்லை. மிஞ்சியது அரிசிக் கஞ்சியும், சில நாள் நான்கு இட்லியும். பத்தியம் இருக்க இருக்கச் சர்க்கரை ஏறியது.

அடுத்த முறை போனபோது மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது. நோயாளி சார்ட்டின்படி சாப்பிடுவதாகத்தான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. சில வாரங்கள் கழித்து, கஞ்சிகூடக் குடிக்காமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு நூறு நாள் வேலைக்குப் போன அம்மா, கை நடுங்கி, வேர்த்து, ஏரிக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் மண் வெட்டிக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர் சர்க்கரை அள்ளிப் போட்ட டீயைக் குடிக்க வைத்தார். அன்று அவர் அங்கே இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை என்னால் இன்னும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இந்தக் கதையில் அம்மாவை யாரும் இழிவாகப் பேசவில்லை. உணவு ஆலோசகர் கனிவானவர். ஆனாலும் சாதி அந்த அறையில் இருந்தது. அச்சடித்த தாளில் எது உணவு, எது உணவே இல்லை என்பதாக இருந்தது. அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியான 'தீண்டப்படாதவர்கள்' நூலில் மாட்டிறைச்சி உண்பதையும் தீண்டாமையின் தோற்றத்தையும் இணைத்து ஆராய்ந்தார். அந்த இணைப்பை நாம் வரலாறாகப் படிக்கிறோம். என் அம்மாவுக்கு அது, மருத்துவரிடம் உண்மையைச் சொல்லலாமா வேண்டாமா என்கிற இன்றைய கேள்வி.

இது ஒரு வீட்டுப் பிரச்சினையும் அல்ல. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் - இந்தியாப் ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் இது 14.4 விழுக்காடு. அதே ஆய்வுத் திட்டத்தின் உணவு குறித்த பகுதி, நாம் ஒரு நாளில் பெறும் கலோரியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவதாகச் சொல்கிறது.

ஏன் இவ்வளவு மாவுச்சத்து என்பதற்கு விடை ரேஷன் பையில் இருக்கிறது. அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை அரிசி இலவசம். துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு ஒரே ஒரு கிலோ. நான்கு பேர் உள்ள வீட்டில் அந்த ஒரு கிலோவைப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம் பருப்பு. அதில் புரதம் இரண்டு கிராம்கூடத் தேறாது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைக்கிறது. இந்தப் பள்ளத்தைச் சேரியும் குப்பமும் மாட்டுக்கறி, கருவாடு, மத்தி மீன், ஈரல், இரத்தப் பொரியல், நத்தை, நண்டு என்று நிரப்பி வந்தன. டயட் சார்ட் அதைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் பாதாமை எழுதி வைக்கிறது. கால் கிலோ பாதாம் வாங்கும் காசில் அரைக் கிலோ மாட்டுக்கறி வாங்கலாம்.

அம்மா மயங்கிய பிறகு விடுதியிலிருந்து ஊருக்குப் போய், ஒரு வாரம் அடுப்படியில் உட்கார்ந்து இருவருமாக ஒரு சார்ட் போட்டோம். நான்கு இட்லியில் கிடைக்கும் புரதம் ஏழெட்டு கிராம்தான். ஒரு முட்டையில் ஆறு கிராம். ஆகவே இரண்டு இட்லி, இரண்டு அவித்த முட்டை, கூடவே ஒரு கிண்ணம் கீரை என்று மாற்றினோம். பச்சைப்பயறு 50 கிராம் ஊறவைத்து, இஞ்சி மிளகாய் சேர்த்து அரைத்து ஊற்றும் அடையில் 12 கிராம் புரதம் இருக்கிறது. முந்தின இரவே கொண்டைக்கடலையோ காராமணியோ ஊறப்போட்டால் காலையில் ஒரு கிண்ணம் சுண்டல். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், அவித்த வேர்க்கடலை இரண்டு கைப்பிடி.

ஞாயிற்றுக்கிழமைக் கறியில் எண்ணெயைக் குறைத்து, கொழுப்பை அரிந்துவிட்டுக் குழம்பு வைத்தால், திங்கள் காலை இரண்டு இட்லிக்கு நான்கைந்து துண்டு வரும். வேகவைத்த 75 கிராம் கறியில் 18 கிராமுக்குக் குறையாமல் புரதம் உண்டு. நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் இரண்டு முறை ஊறவைத்து உப்பை இறக்கிய பிறகே சமைக்க வேண்டும். இரத்த அழுத்தம் இருப்பவர்கள் எப்போதாவதுதான். கூழ் குடிக்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கேழ்வரகும் கம்பும் பெரும்பாலும் மாவுச்சத்துதான். சொம்பு நிறையக் குடித்தால் சர்க்கரை ஏறும். அளவைக் குறைத்து, தொட்டுக்கொள்வதைக் கூட்ட வேண்டும். தட்டில் முட்டையையும் காயையும் முதலில் சாப்பிட்டுவிட்டு, இட்லியைக் கடைசியில் சாப்பிட்டால், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் புரதத்தைத் தன்னிச்சையாகக் கூட்டக் கூடாது. கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின் ஆகிய பரிசோதனைகளைப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது, மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இட்லியையும் சோற்றையும் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிசெய்ய வேண்டும். சொல்ல வேண்டுமானால் உண்மையைச் சொல்ல முடிகிற இடமாக மருத்துவமனை இருக்க வேண்டும்.

தோழர்களே, நாம் வளாகங்களில் மாட்டுக்கறி விருந்து நடத்துகிறோம். அது தேவை. ஆனால் மாட்டுக்கறியைக் கொண்டாடும் நமக்கு, அதைத் தினமும் எண்ணெயில் பொரித்துச் சாப்பிட்டால் இதயம் தாங்காது என்பதைப் பேசும் பொறுப்பும் உண்டு. இன்னொன்றும் கேட்க வேண்டும். காலை ஐந்து மணிக்கு எழுந்து எல்லோருக்கும் ஆக்கிப்போட்டுவிட்டு, கடைசியில் கஞ்சித் தண்ணியைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடும் அம்மாவுக்கு முட்டை அவித்துக் கொடுப்பது யார்? அந்த ஒரு வாரத்தில்தான் நானே அதை முதல்முறையாகச் செய்தேன்.

அரசிடம் கேட்க வேண்டியவை எளியவை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி மாத்திரை கொண்டுவருகிறார்கள். அதே கையால் நம் வீடுகளில் உண்மையில் சமைக்கப்படும் உணவைக் கொண்ட ஒரு சார்ட்டும் வரட்டும். அதில் முட்டை, மாட்டுக்கறி, கருவாடு, மத்தி என்று பெயர் சொல்லி எழுதியிருக்கட்டும். ரேஷனில் பச்சைப்பயறும் கடலையும் சேரட்டும். 2022இல் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டம் மகத்தானது. அதில் உப்புமா, கிச்சடி, பொங்கல் இருக்கின்றன. மதிய உணவில் இருக்கும் முட்டை காலைத் தட்டுக்கும் வரட்டும். நாளைய நீரிழிவைத் தடுக்கும் வேலை அங்கே தொடங்குகிறது.

போன மாதம் மீண்டும் அம்மாவுடன் போனேன். இந்த முறை வேறொரு மருத்துவர். "என்னம்மா சாப்பிடறீங்க?" என்று கேட்டார். அம்மா கொஞ்சம் தயங்கிவிட்டு, "முட்டை, சுண்டல், ஞாயித்துக்கெழம மாட்டுக்கறி" என்றார். மருத்துவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டே கேட்டார்: "கறிக்கு எண்ணெ எவ்ளோ ஊத்துவீங்க?"

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.