குலுக்கலில் கோட்டுச்சேரிமேட்டுக்கும் ஒரு சீட்டு

அகில இந்திய கால்பந்து சம்மேளனத் தலைவர் அவர்களுக்கு,

கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, காசாக்குடிமேடு என்று காரைக்கால் கடலோரத்தில் வரிசையாக நிற்கும் மீனவ ஊர்களில் கோட்டுச்சேரிமேடும் ஒன்று. இந்தக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வலை சீர்செய்வதும் படகுக்கு வண்ணமடிப்பதும் போக, இளைஞர்களிடம் மிஞ்சுவது பொழுது. ஓடிப் பழகிய இத்தனை கால்கள் ஒரே சமயத்தில் சும்மா இருக்கும் பருவம், கடற்கரைகளை விட்டால், நாட்டில் வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. அந்தக் கால்களுக்குத் தங்கள் சம்மேளனத்திடம் என்ன போட்டி இருக்கிறது?

சந்தோஷ் டிராபி இருக்கிறது. 1941 முதல் நடக்கிறது. ஆனால் அது மாநிலங்களின் கோப்பை. 2024 டிசம்பர் 31 அன்று ஐதராபாத்தில் கேரளத்தை 1-0 என வென்ற வங்காளத்துக்கு அது 33-வது பட்டம். காரைக்கால் அடங்கிய புதுச்சேரிக்கும் அதில் தனி அணி உண்டு. ஒரு வீரன் அந்த அணிக்குள் நுழையலாம், அவன் ஊர் நுழைய முடியாது. 1888-இல் சிம்லாவில் தொடங்கிய டூரண்ட் கோப்பை அழைப்பு வந்தவர்களுக்கு மட்டும். 1977-இல் பிறந்த பெடரேஷன் கோப்பையின் முதல் பட்டத்தை, மோகன் பகானை வீழ்த்தி, பெங்களூரு ஐ.டி.ஐ. தொழிற்சாலை அணி கொண்டுபோனது. இன்று அதன் இடத்தில் இருக்கும் சூப்பர் கோப்பையில் தொழிற்சாலைகளும் இல்லை, கிராமங்களும் இல்லை.

எந்த ஊர் அணியும் பெயர் கொடுக்கக்கூடிய திறந்த கோப்பை ஒன்று வேண்டும். காரைக்கால்காரர்கள் இதைக் கேட்பதில் ஒரு வரலாற்று நியாயமும் உண்டு. 1954 நவம்பர் 1 வரை இது பிரெஞ்சு மண். பிரான்சில் முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய பிரெஞ்சுக் கோப்பையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கிளப்புகள் பெயர் கொடுக்கின்றன. ரொட்டிக் கடைக்காரர் ஆடும் ஊர் அணி முதல் பாரிஸ் சேன் ஜெர்மேன் வரை எல்லாம் ஒரே கோப்பைக்குள். குலுக்கலில் பெரிய அணியின் பெயர் முதலில் வந்தாலும், எதிரணி இரண்டு படி கீழே இருந்தால் ஆட்டம் சிறிய அணியின் மைதானத்துக்கு மாறிவிடும். கோப்பையின் உயிர் இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

2000-ஆம் ஆண்டைப் பாருங்கள். நான்காம் பிரிவில் ஆடிய கலே என்ற துறைமுக ஊரின் அணி; அதில் துறைமுகத் தொழிலாளிகள், அலுவலக ஊழியர்கள், ஆசிரியர்கள். அரையிறுதியில் நடப்பு தேசிய சாம்பியனான போர்தோவை கூடுதல் நேரத்தில் 3-1 என்று கவிழ்த்தார்கள். மே 7 அன்று தேசிய மைதானத்தில் நான்ட் அணியுடன் இறுதி ஆட்டம். முதல் கோல் கலேயுடையது! கடைசி நிமிடத்தில் கிடைத்த பெனால்டியில் நான்ட் 2-1 என வென்றது. நான்ட் அணித்தலைவர் மிக்கேல் லாந்த்ரோ, கலே அணித்தலைவரையும் அழைத்துக் கோப்பையைச் சேர்ந்து தூக்கினார். அந்தப் புகழ் கிளப்புக்குச் சோறு போடவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2017-இல் அது கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டது.

இன்னும் நெருக்கமான சாட்சி ரீயூனியன் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றிய துறைமுகங்களில் காரைக்காலும் ஒன்று. அந்தத் தீவின் சேன்-பியேர் நகர அணி 2020 ஜனவரி 4 அன்று பிரான்சுக்கே பறந்துபோய், அதே பிரெஞ்சுக் கோப்பையில் இரண்டாம் பிரிவு அணியான நியோரை 2-1 என வென்றது. கப்பலேறிப் போனவர்களின் தீவுக்குத் திறந்த கதவு, கப்பலேற்றிய ஊருக்கு இல்லை.

‘அமெச்சூர்களுக்கு மட்டும் தனிக் கோப்பை வைக்கலாமே’ என்று தங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லக்கூடும். இங்கிலாந்து 1893 முதல் அப்படி ஒன்றை வைத்திருந்தது. வெம்பிளியில் லட்சம் பேர் பார்த்த இறுதி ஆட்டமும் அதற்கு வாய்த்தது. ஆனால் அமெச்சூர் என்ற பெயரில் உறைக்குள் பணம் கைமாறியது ஊரறிந்த ரகசியம். அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவையே இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் கைவிட்டபோது, 1974-இல் கோப்பையும் முடிந்தது. ஜப்பானின் பேரரசர் கோப்பை திறந்தே இருக்கிறது. 2024 ஜூனில் சுகுபா பல்கலைக்கழக மாணவர்கள் முதல் பிரிவு அணியான மச்சிதாவை பெனால்டியில் வெளியேற்றினார்கள்.

திறமை இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சென்னை சிட்டி அணியில் மின்னி, இந்தியன் சூப்பர் லீகுக்கு (ஐ.எஸ்.எல்.) போன மைக்கேல் சூசைராஜ், கன்னியாகுமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறை என்ற மீனவக் கிராமத்துப் பிள்ளை. 2022-இல் தொடங்கிய டயமண்ட் ஹார்பர் அணி மூன்றே ஆண்டில் ஈஸ்ட் பெங்காலை வீழ்த்தி டூரண்ட் இறுதிக்கு வந்தது; இறுதியில் 6-1 என உதை வாங்கியது வேறு கதை. அந்த அணிக்குப் பணபலமும் அரசியல் பலமும் உண்டு, சரி. வேறு அணிகளுக்கு முயன்று பார்க்கவாவது வழி வேண்டாமா?

பணம்? தொடக்கச் சுற்றுகளுக்குத் தொலைக்காட்சி தேவையில்லை. பந்து, நடுவர் படி, முதலுதவிப் பெட்டி, வேன் வாடகை போதும். 2025-இல் ஒளிபரப்பு, உரிமை ஒப்பந்தச் சிக்கலில் ஐ.எஸ்.எல். மாதக்கணக்கில் தொடங்காமல் கிடந்தபோதும், ஊர்த் திடல்களில் சுழற்கோப்பைகள் நின்றுவிடவில்லை.

அந்தத் திறந்த கோப்பையை எப்படி நடத்துவது என்பதில் கோரிக்கை இரண்டுதான். கடலோர மாவட்டங்களின் முதல் சுற்றுகளைத் தடைக்காலத்துக்குள் வையுங்கள்; கிழக்குக் கரைக்குத் தேதி ஏற்கெனவே தெரியும். அடுத்து, அந்தச் சுற்றுகளை மாநிலச் சங்க எல்லைப்படி பிரிக்காமல் நிலப்படி பிரியுங்கள். காரைக்காலைச் சுற்றி இருப்பது தமிழ்நாடு. புதுச்சேரி நகரம் 130 கிலோமீட்டர் தள்ளி; அதே ஆட்சிப்பகுதியின் மாஹேயோ மேற்குக் கடற்கரையில். கோட்டுச்சேரிமேட்டுப் பையன்கள் முதல் ஆட்டத்தை ஆட வேண்டியது வடக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் தரங்கம்பாடியோடு, அல்லது தெற்கே நாகப்பட்டினத்தோடு. காலையில் வேன் ஏறி, ஆடிவிட்டு, இருட்டுமுன் வீடு திரும்பலாம். இதற்கு இரண்டு சங்கங்களின் ஒப்புதல் வேண்டும். அதை வாங்கித் தரக்கூடிய நாற்காலி தங்களுடையது.