சகோதர யுத்தமாம்!

எஸ்தோனியாவில் போர்க்குனி என்று ஓர் ஊர். பெயரில் போர் இருப்பதாகத் தமிழ்க் காதுக்குத்தான் படும். அவர்கள் பாஷையில் அதற்கும் யுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. ஒரு ஏரி, பழைய கோட்டையின் மிச்சமாக நிற்கும் ஒரு கோபுரம், சுற்றிலும் காடு. 1944-ம் வருஷம் செப்டம்பர் 21-ந் தேதி அங்கே எஸ்தோனியர்கள் எஸ்தோனியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரு சாரார் ஜெர்மானியரின் உடுப்பில் மேற்கே பின்வாங்கிக்கொண்டிருந்தவர்கள். அவர்களை வழிமறித்தவர்கள் செஞ்சேனையின் 8-வது எஸ்தோனியப் படையினர்.

இதற்குச் 'சகோதர யுத்தம்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம்மவர்களானால் உடனே குருக்ஷேத்திரத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, இரண்டு சொட்டுக் கண்ணீரும் விட்டுவிடுவார்கள். எனக்கு இந்தப் பெயரில் ஆட்சேபணை உண்டு. துரியோதனனுக்கும் தருமனுக்கும் இடையே ஒரு வழக்கு இருந்தது. ராஜ்யம் யாருக்கு என்ற வழக்கு. சகோதர யுத்தம் என்றால் சகோதரர்களுக்குள் ஒரு சண்டை இருந்தாக வேண்டாமா? போர்க்குனியில் செத்தவர்களுக்குள் என்ன தகராறு? வரப்புத் தகராறா, வாய்க்கால் தகராறா?

தகராறு மாஸ்கோவில் இருந்தது, பெர்லினில் இருந்தது. 1939 ஆகஸ்டு 23-ந் தேதி அந்த இரண்டு பேருக்கும் தகராறு இல்லாதபோதே, ஒரு ரகசிய ஷரத்தின் மூலம் எஸ்தோனியாவை ஸ்டாலினின் பங்கு என்று ஒதுக்கியாகிவிட்டது. 1940 ஜூனில் செஞ்சேனை உள்ளே வந்தது. 1941 ஜூன் 14-ந் தேதி ஆண், பெண், குழந்தை என்று சுமார் 10,000 பேரை வீடுகளிலிருந்து பிடித்து ரயிலேற்றி ருஷ்யாவுக்கு அனுப்பினார்கள். அடுத்த வாரமே ஹிட்லர் படையெடுத்தான். அவன் எஸ்தோனியாவைப் பிடிப்பதற்குள், 30,000-க்கு மேற்பட்ட எஸ்தோனிய வாலிபர்களைக் கட்டாயமாகத் திரட்டி ருஷ்யாவுக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள்மேல் நம்பிக்கை இல்லாததால் துப்பாக்கிக்குப் பதில் கோடரி கொடுத்தார்கள். மரம் வெட்டும் அந்தத் தொழிற்படைகளில், அந்தக் குளிர்காலத்தில், பசியாலும் நோயாலும் ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். மிஞ்சியவர்களை வைத்து 1942-ல் எஸ்தோனியப் படை அமைந்தது. பட்டினி முகாமில் கிடந்தவனிடம், 'பட்டாளத்துக்கு வருகிறாயா, அங்கே ரொட்டி உண்டு' என்றால் அவன் கொள்கை விசாரமா செய்வான்? அதே வருஷக் கடைசியில் வெலீக்கியே லூக்கியில் அவர்களைப் போருக்கு அனுப்பினார்கள். அங்கேயும் கொத்துக் கொத்தாக மாண்டார்கள்.

இனி மற்றவனைப் பார்ப்போம். 1941-ல் செஞ்சேனைக்கு ஆள் பிடித்தபோது காட்டுக்குள் ஓடி ஒளிந்தவன் அவன். தப்பினோம் என்று ஊர் திரும்பி உழுதுகொண்டிருந்தான். 1942-ல் ஜெர்மானியர் எஸ்தோனியப் படை ஒன்று திரட்டப் பறையறைந்தார்கள். ஜனங்கள் சுலபத்தில் போகவில்லை. பிறகு நிர்ப்பந்தம். 1944 பிப்ரவரியில் எல்லோரும் வரவேண்டும் என்று உத்தரவு. சுதந்திர எஸ்தோனியாவின் கடைசிப் பிரதம மந்திரியான யூரி உலுவோட்ஸ், அதுவரை ஜெர்மானியரின் ஆள்திரட்டலுக்கு இணங்காதவர், ரேடியோவில் பேசி அதை ஆதரித்தார். காரணம், ருஷ்யர் மீண்டும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். 1918-ல் இரண்டு பேரரசுகள் சரிந்த சந்தில் தேசம் சுதந்திரம் பெற்றதே, இம்முறையும் ஒரு சந்து கிடைக்காதா என்ற ஆசை. சுமார் 38,000 பேர் வந்தார்கள்.

ஆக, இவனுடைய உடுப்பையும் அவனுடைய உடுப்பையும் தீர்மானித்தது என்ன? 1941-ல் காடு கிட்டே இருந்ததா, எட்ட இருந்ததா என்பதுதான்!

எல்லோரும் பரம சாதுக்கள் என்று நான் வாதாட வரவில்லை. ஜெர்மானியரிடம் விரும்பிப் போனவர்கள் இருந்தார்கள். எஸ்தோனியாவில் மிஞ்சியிருந்த சுமார் 1,000 யூதர்களை 1941-க்குள் கொன்று தீர்த்ததில் எஸ்தோனியர் கைகளிலும் ரத்தம் உண்டு. ஜூன் 14-ந் தேதி ரயிலேற்றியவர்களிலும் உள்ளூர் ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பாவத்தை அவரவர் பெயரில் எழுதுங்கள். உடுப்பின் பெயரில் எழுதாதீர்கள்.

நம் நாட்டிலும் அதே 1944-ல் இம்பால் முனையில் இந்தியர்கள் இரு பக்கமும் நின்றார்கள். நேதாஜியின் படையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பலர். ஆனால் அங்கே ஒரு விஷயம் இருந்தது: வெள்ளைக்காரனை எந்த வழியில் தொலைப்பது என்ற விஷயம். மலேயாத் தமிழர்கள் தாமாகப் பெயர் கொடுத்தவர்கள். போர்க்குனிக்கு அந்த ஆறுதலும் கிடையாது.

இதைவிட ஒரு கொடுமை. ஜெர்மானியர் மூட்டை கட்டிக்கொண்டிருந்த செப்டம்பர் 18-ந் தேதி, தலைநகர் டாலினில் உலுவோட்ஸ், ஓட்டோ டீஃப் என்பவரின் தலைமையில் ஒரு சுதேசி சர்க்காரை நியமித்தார். அது இந்த யுத்தத்தில் எஸ்தோனியா நடுநிலை வகிப்பதாகப் பிரகடனம் செய்தது. கோட்டைக் கோபுரத்தில் நீலம், கறுப்பு, வெள்ளைக் கொடி ஏறியது. 22-ந் தேதி செஞ்சேனை நகருக்குள் வந்துவிட்டது. நடுவில் 21-ந் தேதிதான் போர்க்குனி. சொந்த சர்க்கார் நடுநிலை வகித்த யுத்தத்தில், இரண்டு பக்கமும் நின்று செத்தார்கள் அந்தத் தேசத்துப் பிரஜைகள். டீஃப் அக்டோபரில் பிடிபட்டார். பத்து வருஷம் தண்டனை.

அப்புறம் சிலைச் சண்டை. டாலினில் 1947-ல் வைத்த செஞ்சேனை வீரனின் வெண்கலச் சிலையை 2007-ல் ராணுவ மயானத்துக்கு மாற்றியபோது கலகம். ஒரு வாலிபன் உயிரிழந்தான். 2004-ல் லிஹுலா என்ற ஊரில் ஜெர்மன் உடுப்பணிந்த சிப்பாயின் உருவத்தோடு ஒரு கல்லை நாட்டினார்கள். சர்க்கார் இரண்டு வாரத்துக்குள் அதைப் பெயர்த்தெடுத்தது. எவன் தேசபக்தன், எவன் துரோகி என்று சிலையைக் கேட்கிறார்கள்!

கேட்க வேண்டிய ஆட்கள் வேறே இருந்தார்கள். அந்த ரகசிய ஷரத்து இருந்ததையே 1989 வரை மாஸ்கோ ஒப்புக்கொள்ளவில்லை. அதில் கையெழுத்துப் போட்ட இருவரில் ரிப்பன்ட்ராப் 1946-ல் நியூரம்பர்க்கில் தூக்கிலிடப்பட்டான், இதோடு வேறு பல குற்றங்களையும் சேர்த்து. மோலடோவ் 1986-ல், தம்முடைய 96-வது வயதில், மாஸ்கோவில் காலமானார்.