எங்கள் முகத்தை வெளுக்காதீர்கள்

திருச்சி எடமலைப்பட்டி புதூரில் உள்ள போட்டோ ஸ்டுடியோக்களுக்கு யார் வருகிறார்கள்? ரேஷன் கார்டுக்கு, வங்கிக் கணக்குக்கு, தேர்வு விண்ணப்பத்துக்கு, முதியோர் உதவித்தொகைக்கு என்று பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வருகிற உழைக்கும் மக்கள்தான் அதிகம். தமிழ்நாட்டின் எந்த ஊர்த் தெருவுக்கும் இது பொருந்தும். அந்த ஸ்டுடியோக்காரரைக் கலைஞர் என்று யாரும் அழைப்பதில்லை. ஆனால் ஒரு தெருவின் முகங்கள் எல்லாம் அவர் கையில்தான் இருக்கின்றன. அதனால்தான் அவரிடம் நமக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

படம் எடுத்து முடித்ததும் கணினியில் முகத்தைத் திறக்கிறார். அடுத்த நிமிடமே நிறத்தை ஏற்றுகிறார். கன்னத்துத் தழும்பு போகிறது, நெற்றிச் சுருக்கம் போகிறது, வெயிலில் கறுத்த தோல் மாவு பூசியதுபோல் வெளிறுகிறது. "கொஞ்சம் கலர் ஏத்திட்டேம்மா, நல்லாருக்கும்" என்கிறார். கேட்டுச் செய்பவர்கள் குறைவு, கேட்காமல் செய்பவர்களே அதிகம். அவரைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. நல்லது செய்வதாகத்தான் அவர் நினைக்கிறார். கறுப்பு என்பது திருத்தப்பட வேண்டிய பிழை என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்பதே நம் கேள்வி.

முதலில் தொழில்நுட்பத்தைப் பார்ப்போம். கேமராவில் உள்ள ஒளிமானி, தனக்கு முன்னால் இருக்கும் எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கணக்கிடுகிறது. பின்னால் வெள்ளைத் திரையைக் கட்டி, கறுத்த மனிதரை முன்னால் உட்கார வைத்தால், திரையின் வெளிச்சத்தைப் பார்த்துக் கேமரா ஒளியைக் குறைத்துக்கொள்ளும். முகம் இருண்டுபோகும். அந்த இருட்டைப் போக்குவதாகச் சொல்லித்தான் வெளுப்பு வேலை தொடங்குகிறது. பழுது விளக்கிலும் அளவிலும் இருக்கிறது, பழி மட்டும் தோலின் மீது விழுகிறது. பக்கவாட்டில் ஒரு ஜன்னல் வெளிச்சம், முகத்தை மட்டும் அளந்து எடுக்கும் பொறுமை, இவை இருந்தால் கறுத்த தோலின் பளபளப்பையும் ஆழத்தையும் எந்தக் கேமராவும் எடுத்துக் கொடுக்கும்.

இந்தப் பாகுபாடு ஃபிலிம் காலத்திலேயே உண்டு. அமெரிக்காவின் கோடக் நிறுவனம் வண்ணப்படங்களின் நிறத்தைச் சரிபார்க்கப் பல ஆண்டுகள் பயன்படுத்திய மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அந்தத் தோல் சரியாக விழுந்தால் படம் சரி என்று பொருள். கறுப்பின மக்களின் முகம் அதில் சரியாக விழாதது அவர்களுக்குப் பெரிய சிக்கலாகத் தெரியவில்லை. மரச்சாமான் உற்பத்தியாளர்களும் சாக்லேட் நிறுவனங்களும், தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் படத்தில் சரியாக வருவதில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் ஃபிலிமின் திறன் மேம்பட்டது. மனிதர் சொல்லிக் கேட்காதவர்கள் மேசை நாற்காலி சொல்லிக் கேட்டார்கள்!

நம் நாட்டில் இதோடு சாதியும் சேர்ந்துகொண்டது. கேமரா இங்கே வந்த கொஞ்ச காலத்திலேயே அரசாங்கத்தின் அளவுகோல் ஆனது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக 'இந்தியாவின் மக்கள்' என்ற தொகுப்பைப் பிரிட்டிஷ் ஆட்சி வெளியிட்டது. சாதி வாரியாக, இன வாரியாகப் படங்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் மூக்கையும் மண்டையோட்டையும் கருவி வைத்து அளந்தவர். 1909இல் அவர் ரங்காச்சாரியின் உதவியோடு வெளியிட்ட 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' ஏழு தொகுதிகள் கொண்டது. திருச்சியும் அடங்கிய சென்னை மாகாணத்து மக்கள் அதன் பக்கங்களில் நிற்கிறார்கள். அந்தப் படங்களின் கீழே பெரும்பாலும் சாதிப் பெயர்தான் இருக்கும். நிற்பவரின் சொந்தப் பெயர் இருக்காது. முகம் இருந்தும் ஆள் இல்லை.

விடுதலைக்குப் பிறகும் எளிய மக்களைத் தேடி வந்து படம் எடுத்தது பெரும்பாலும் அரசாங்கம்தான். 1993இல் தேர்தல் ஆணையம் புகைப்பட வாக்காளர் அட்டையைக் கொண்டுவந்தபோது, வாழ்நாளில் முதன்முறையாகக் கேமரா முன்னால் உட்கார்ந்த பாட்டன் பாட்டிகள் சேரிகளில் நிறையப் பேர். அவர்கள் இறந்தபின் சுவரில் மாட்ட வேறு படம் கிடையாது. அட்டையில் உள்ள மங்கிய முகத்தை வெட்டி, யாரோ ஒருவருடைய கோட்டு சூட்டின் மேலோ பட்டுப்புடவையின் மேலோ ஒட்டி, வெளுத்து, லேமினேட் செய்து மாலை போடுகிறோம். கழுத்துக்குக் கீழே வேறொருவர், கழுத்துக்கு மேலே வேறொரு நிறம். பேரப்பிள்ளைகள் கும்பிடுவது யாரை?

அப்படியானால் கோட்டு சூட்டு கேட்பது தவறா? இல்லவே இல்லை. எப்படிக் காட்சி தர வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை படத்தில் இருப்பவருக்கு உண்டு. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து விடுதலைப் போராளியான பிரடெரிக் டக்ளஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட அமெரிக்கராக அறியப்படுகிறார். சுமார் 160 படங்கள் இன்று கிடைத்திருக்கின்றன. நேர்த்தியான உடை, நேர்ப் பார்வை, சிரிப்பில்லாத முகம். சிரித்து மகிழும் அடிமை என்ற வெள்ளையர்களின் கேலிச்சித்திரத்துக்குத் தன் முகத்தாலேயே பதில் சொன்னார். அண்ணல் அம்பேத்கரின் கோட்டும் கண்ணாடியும் அதே பதிலைத்தான் சொல்கின்றன. உடையை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். தோலை மாற்றிக்கொள்ளவில்லை.

ஒரு முகத்துக்கு எவ்வளவு வலிமை என்று சாதிவெறியர்களுக்கு நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டில் எத்தனை ஊர்களில் அம்பேத்கர் சிலை இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறது! நம் திருவரங்கத்தில் கோயிலுக்கு எதிரே எழுந்த பெரியார் சிலையின் தலையை 2006 டிசம்பரில் உடைத்தார்கள். கல்லிலும் சிமெண்டிலும் உள்ள முகமே அவர்களை இவ்வளவு தொந்தரவு செய்கிறது என்றால், நம்முடைய உயிருள்ள முகத்தை நாமே ஏன் அழிக்க வேண்டும்?

வேறு மாதிரிப் படமெடுக்க முடியும் என்பதற்கு நம் பக்கத்து மாவட்டத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். மதுரையைச் சேர்ந்த பழனிக்குமார், மீன் விற்கும் தாயின் மகன். மலக்குழிக்குள் மனிதரை இறக்கும் கொடுமையைப் பேசிய திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். அந்த மரணங்களில் தந்தையை இழந்த பிள்ளைகளைப் படமெடுத்து 'நானும் ஒரு குழந்தை' என்று கண்காட்சி வைத்தவர். கடல்பாசி எடுக்கும் ராமநாதபுரத்துப் பெண்களை 'பாரி' இணையதளத்துக்காகப் பதிவு செய்தவர். 2022இல் தயானிதா சிங் – பாரி விருதை முதன்முதலில் பெற்றவரும் அவர்தான். இன்று உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கே கேமராவைக் கொடுத்துப் படமெடுக்கக் கற்றுத்தருகிறார். வாடிப்பட்டியின் ஜெய்சிங் நாகேஸ்வரனின் பாட்டி, தலித் குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கியவர். ஜெய்சிங் கொரோனா முடக்கத்தில் ஊர் திரும்பி, தன் குடும்பத்தையே படமெடுத்தார். பிணவறைகளில் உடற்கூறாய்வு செய்யும் தொழிலாளர்களைப் படமெடுத்தவர் அருண் விஜய் மாதவன்.

இவர்களுக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது? அம்மாவின் மீன் கூடை, பாட்டியின் பள்ளிக்கூடம், அடுத்த வீட்டுத் தாத்தாவின் கை. அன்றாடம் பார்த்த வாழ்க்கைதான் அவர்களுக்குப் பாடப்புத்தகம். நாளிதழ்களில் தலித் மக்களின் படம் எப்போது வருகிறது? குடிசை எரிந்தால், பிணம் விழுந்தால். அழுகிற முகமாக மட்டுமே நம்மைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, சும்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நேராகப் பார்க்கும் ஒரு முகம் புதிய செய்தி. அநீதியைப் பதிவு செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்த மக்களுக்கு அநீதி நடக்காத நாட்களும் இருக்கின்றன, அந்த நாட்களிலும் அவர்களுக்கு முகம் இருக்கிறது.

"வாடிக்கையாளரே வெளுப்பாகத்தான் கேட்கிறார், நாங்கள் என்ன செய்வது?" என்று ஸ்டுடியோ நடத்தும் தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெண் பார்க்கப் படம் கொடுக்கிற இடத்தில் நிறம் எவ்வளவு கொடுமையாக எடைபோடப்படுகிறது என்று நமக்குத் தெரியும். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நன்றாக வெளிச்சம் அமைத்து எடுத்த ஒரு படத்தை, திருத்தாமல், முதலில் அவரிடம் காட்டுங்கள். தன் முகம் தன் நிறத்திலேயே அழகாக விழுந்திருப்பதைப் பார்க்கும் வாய்ப்பே பலருக்கு இதுவரை கிடைத்ததில்லை. பார்த்தபிறகும் வெளுக்கச் சொன்னால் அது அவர் முடிவு. பார்ப்பதற்கு முன்பே முடிவெடுக்க நீங்கள் யார்?

ஸ்டுடியோ வேண்டாம், இன்று எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. களத்துக்குப் போகிற இளம் தோழர்களுக்கும் இது பொருந்தும். கேட்டுவிட்டு எடுங்கள். பெயரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் பெயரோடு வெளியிடுங்கள். 'துப்புரவுத் தொழிலாளி', 'தலித் மூதாட்டி' என்று மட்டும் போட்டால் தர்ஸ்டன் செய்ததற்கும் நாம் செய்வதற்கும் அதிக தூரமில்லை. ஃபோனில் தானாக முகத்தை வெளுக்கும் அழகூட்டும் வசதியை அணைத்து வையுங்கள். எடுத்த படத்தை ஒரு பிரதி போட்டு அவர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள்.

இந்த வாரமே வீட்டில் இருக்கும் அப்பத்தாவையோ அம்மாச்சியையோ வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, அவர் விரும்பிய உடையில், அவர் நிறத்தில் ஒரு படம் எடுங்கள். உயிரோடு இருக்கும்போதே பெரிதாகப் போட்டுச் சுவரில் மாட்டுங்கள். நாளைக்கு யாருடைய கோட்டையும் கடன் வாங்க வேண்டியிருக்காது.