சோற்றைக் கழித்துவிட்டு ஒரு விலைவாசிக் கணக்கு

2024 ஜூலையில் வந்த ஒன்றிய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, ரிசர்வ் வங்கி கட்டுக்குள் வைக்க வேண்டிய பணவீக்கக் கணக்கிலிருந்து உணவை நீக்குவது பற்றி யோசிக்கச் சொன்னது. தலைமைப் பொருளாதார ஆலோசகர் வி. அனந்த நாகேஸ்வரனின் குழு எழுதிய அறிக்கை அது. உணவு விலை பெரும்பாலும் வரத்துக் குறைவால் ஏறுகிறது, வட்டியை ஏற்றி அதைச் சரிசெய்ய முடியாது என்பது அதன் வாதம். அதே ஆண்டு நவம்பரில் ஒன்றிய வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல், உணவு விலையைப் பார்த்து வட்டியை முடிவு செய்வதே பிழையான கோட்பாடு என்றார். வட்டியைக் குறைக்கவும் சொன்னார். அந்த வாரம்தான் அக்டோபர் மாதப் பணவீக்கம் 6.21 விழுக்காடு என்று அறிவித்திருந்தார்கள். உணவு மட்டும் 10.87.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைப் பக்கம் ஒரு வாரம் நின்று பார்த்தவர் யாரும் இப்படி எழுத மாட்டார். வெல்டரும் தச்சரும் பெயின்டரும் மதியம் சாப்பிடுவது பக்கத்து மெஸ்ஸில். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, இந்த மாதிரி மெஸ்களில் விலைப் பலகையில் பழைய எண்ணின் மேல் புது எண்ணை ஒட்டினார்கள். இரண்டு மாதத்தில் தக்காளி இறங்கிவிட்டது. ஒட்டிய எண் இறங்கவில்லை. சாப்பாட்டுக் காசு ஏறினால் கூலி கேட்பார்கள், கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கூலி ஏறினால் பாடிக்குச் சொல்லும் கொட்டேஷன் ஏறும். அந்த லாரி ஓட ஆரம்பித்ததும் வாடகையில் அது வந்து உட்காரும். உணவை நீக்கிய கணக்கிலும் இந்தக் கூலியும் வாடகையும் இருக்கத்தான் செய்யும். முன்வாசலில் துரத்திய விலை கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடும், அதுவும் இறங்காத விலையாக.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வட்டியை ஏற்றினால் தக்காளி கூடுதலாகக் காய்க்காது. மழை கெடுத்த ஒரு மாத விலையேற்றத்துக்காக, வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் ரெப்போ வட்டியைத் தொட வேண்டியதில்லை. 2023 ஜூலையில் பணவீக்கம் 7.44 தொட்டபோதும் ரிசர்வ் வங்கி தொடவில்லை, 6.50லேயே வைத்திருந்தது. அதாவது உணவைக் கணக்கில் வைத்துக்கொண்டே பொறுமையாக இருக்க முடியும். இலக்கு 4 விழுக்காடு, மேலும் கீழும் 2 விட்டுக்கொடுக்கலாம் என்று 2016இல் விதி வகுத்ததே இதற்கு இடம் கொடுக்கத்தான். இருக்கும் வசதியை மறைத்துவிட்டு, இல்லாத நோய்க்கு அறுவை சிகிச்சை கேட்கிறார்கள்.

வட்டி குறைந்தால் யாருக்கு லாபம் என்பதையும் பார்க்க வேண்டும். பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுபவர் வீட்டில் மகளிர் குழுவின் பேரில் வாங்கும் நுண்கடனுக்கு இருபது விழுக்காட்டுக்கு மேல் வட்டி. ரெப்போ கால் விழுக்காடு இறங்கினால் அவருடைய வாரத் தவணையில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. லாரிக்காரர் பைனான்ஸில் எடுத்த கடனும் பெரும்பாலும் நிலை வட்டிதான், ஓடும் தவணை மாறாது. ஆனால் வெங்காயமும் எண்ணெயும் பருப்பும் ஏறினால் சனிக்கிழமைக் கூலி அன்றைக்கே சுருங்கிவிடும். குறையும் வட்டி எட்டாத கைக்கு, கூடும் விலையை மட்டும் கொடுக்கும் யோசனை இது.

ஏழைகளுக்குக் கூப்பனோ நேரடிப் பணமோ கொடுத்துச் சமாளிக்கலாமா என்றும் ஆய்வறிக்கை கேட்கிறது. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி ஏற்கனவே இலவசம். குடும்பங்களை அழுத்துவது அரிசிக்கு மேல் வாங்கும் பண்டங்கள். நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் எடை அப்போது 45.86 விழுக்காடு. செலவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான ஒன்றைக் கூப்பனால் ஈடுகட்டலாம் என்று எழுதியவர்கள், எத்தனை பேருக்கு, எத்தனை மாதத்துக்கு, எவ்வளவு என்ற கணக்கை எழுதவில்லை.

எல்லாவற்றையும்விட, 2025 இவர்கள் வாதத்தை உடைத்துப் போட்டுவிட்டது. காய்கறி மலிந்தது. அக்டோபரில் பணவீக்கம் 0.25 விழுக்காட்டுக்கு இறங்கியது. பிப்ரவரியில் 6.50இலிருந்து குறையத் தொடங்கிய ரெப்போ வட்டி டிசம்பரில் 5.25க்கு வந்தது. அதே அக்டோபரில் உணவையும் எரிபொருளையும் கழித்த பணவீக்கம் 4 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றது, தங்கமும் வெள்ளியும் ஏறியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். உணவை எடுத்துவிட்டால் மிச்சமுள்ள ஒவ்வொரு பொருளின் எடையும் ஏறத்தாழ இரட்டிப்பாகும், தங்கத்தின் எடையும் சேர்த்துத்தான். வெள்ளி விலை ஏறி ஆர்டர் குறைந்து சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரர் உட்கார்ந்திருக்க, அதே வெள்ளியைக் காட்டி அவருக்கு வட்டி குறைப்பதையும் தள்ளிப்போட்டிருப்பார்கள். வட்டி குறைய வேண்டும் என்று கேட்டவர்களின் யோசனையை ரிசர்வ் வங்கி கேட்டிருந்தால், அந்த ஒன்றே கால் விழுக்காட்டில் பாதிகூடக் குறைந்திருக்குமா என்பது சந்தேகம்.