மண்டியிட மறுத்த தூதர் நமக்கு விட்டுச்சென்ற பாடம்

ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையருக்குப் படை இல்லை. கைது செய்யும் அதிகாரம் இல்லை. எந்த அரசையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பை வழங்கவும் இயலாது. 1993இல் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கிய அப்பதவியின் வலிமை அதன் குரல் மட்டுமே. 2014 முதல் 2018 வரை அப்பொறுப்பை வகித்த செயித் ராத் அல் ஹுசைன் அக்குரலை எவ்வாறு பயன்படுத்தினார்?

அவர் ஜோர்தான் அரச குடும்பத்தவர். பிறப்பு வழங்கும் சிறப்புரிமையை எதிர்க்கும் நாம் ஓர் இளவரசரைப் பற்றிப் பேசுவதில் முரண் உண்டு. எனினும், அவரது பணிகள் மதிப்பீட்டுக்குரியவை. முன்னாள் யூகோஸ்லாவியாவில் ஐ.நா. அமைதிப்படையின் அரசியல் விவகார அலுவலராக இருந்தார். பின்னர் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்ற உறுப்பு நாடுகள் பேரவையின் முதல் தலைவரானார். அமைதிப்படையினரே புரிந்த பாலியல் சுரண்டலை 2005ஆம் ஆண்டு அறிக்கையில் அம்பலப்படுத்தினார்.

உயர் ஆணையராக, இலங்கைப் போர்க்குற்றங்களை விசாரிக்கப் பன்னாட்டு நீதிபதிகளும் இடம்பெறும் கலப்பு நீதிமன்றத்தை 2015இல் வலியுறுத்தினார். அந்நீதிமன்றம் அமையவேயில்லை. காஷ்மீர் குறித்த ஐ.நா.வின் முதல் மனித உரிமை அறிக்கையை 2018 ஜூனில் வெளியிட்டார். டெல்லி அதை நிராகரித்தது. வல்லரசுகளின் முன் மண்டியிட நேரும் என்பதால் இரண்டாம் பதவிக்காலத்தை நாடப்போவதில்லை என 2017 டிசம்பரிலேயே அவர் அறிவித்திருந்தார்.

நமக்கு முதன்மையானது 2018 மார்ச். தலித்துகள், இசுலாமியர் மீதான வன்முறையும் பாகுபாடும் கவலையளிப்பதாக ஜெனீவாவில் அவர் கூறினார். அதே மாதம் 20ஆம் நாள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கைது செய்ய முன் அனுமதி, வழக்குப் பதிவுக்கு முன் முதற்கட்ட விசாரணை எனத் தடைகளை விதித்து உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை நீர்த்துப்போகச் செய்தது. அத்தடைகளை அகற்றியது ஜெனீவா அன்று. ஏப்ரல் 2 முழு அடைப்பில் உயிர்களைப் பலிகொடுத்துத் தெருவில் நின்ற மக்களே ஆகஸ்டில் நாடாளுமன்றத்தைச் சட்டத்திருத்தம் நிறைவேற்ற வைத்தனர்.

ஆயினும் ஜெனீவாவின் குரல் வீணன்று. சாதி உள்நாட்டு விவகாரம் என்று 2001 டர்பன் மாநாட்டில் இந்திய அரசு வாதிட்டது. மறு ஆண்டே, இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு, உடன்படிக்கையிலுள்ள ‘வம்சாவளி’ என்ற சொல் சாதியையும் உள்ளடக்கும் என விளக்கியது. தூதர் அதை எடுத்துரைக்க ஆதாரம் வேண்டும். அது நம் உண்மையறியும் அறிக்கைகளிலும் முதல் தகவல் அறிக்கைகளிலும்தான் இருக்கிறது.

தூதர் நல்ல சாட்சியாகலாம், மீட்பராக முடியாது. சாட்சிக்குச் சொல் தருவதும், சட்டத்தைக் காப்பதும் நம் கடமை.