ஜப்பான்காரர் கேட்ட கேள்விக்கு நாம் சொல்லாத பதில்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுவதையும் வாசியுங்கள்.

சென்ற பாடசாலை விடுமுறையில் நடந்தது இது. அஸர் தொழுதுவிட்டு கடற்கரைப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் ஆசிரியர்கள் நாங்கள் நாலு பேர் இருந்தோம். ஓட்டோவில் வயதான ஜப்பானியத் தம்பதி ஒன்று வந்து இறங்கியது. தேநீர் குடித்தார்கள். பிறகு ஓட்டோக்காரத் தம்பி மூலமாக எங்களிடம் ஒன்று கேட்டார்கள்: “இந்தப் பக்கத்தில் ஜப்பானின் வரலாற்றோடு சம்பந்தப்பட்ட இடம் ஏதாவது இருக்கிறதா?”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வரலாறு படிப்பிக்கிறவரும் எங்களோடுதான் இருந்தார். “அப்படி ஒன்றும் இல்லை, பாசிக்குடாவுக்குப் போங்கள், கடல் நல்ல அழகு” என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அவர்கள் போன பிறகு பக்கத்து வாங்கில் இருந்த கடற்தொழில் காக்கா ஒருவர் சிரித்தார். “என்ன சேர், அவங்கட ஆக்கள் குண்டு போட்டுத் தாட்ட கப்பல் நம்மட கடலுக்குள்ளதானே கிடக்கு. அதச் சொல்லல்லையே?”

வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து தேடி வாசித்தோம், ஊருக்குள் கேட்டோம். அந்தத் தம்பதிக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம். இது அவர்களுக்கு மட்டுமான பதில் இல்லை, நமக்கும்தான்.

முதல் இடம் பாலமீன்மடு வெளிச்சவீடு. 1913இல் கட்டியது. அங்கே நின்று கிழக்கே கடலைப் பாருங்கள். மட்டக்களப்புக் கரையிலிருந்து சுமார் 9 கிலோமீற்றர் தூரத்தில், 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில், எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் என்ற பிரித்தானியக் கப்பல் கிடக்கிறது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. ஆனால் அதைக் கட்டி முடிக்கப் பிந்திவிட்டது. அதற்குள் ஜப்பான் தன்னுடைய ‘ஹோஷோ’வை 1922இல் சேவையில் இறக்கிவிட்டது. ஹெர்மிஸ் சேவைக்கு வந்தது 1924இல்.

1942 ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 காலையில், திருகோணமலைக்கு வந்தன. பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே அட்மிரல் நகுமோவின் கப்பற்படைதான் வந்தது. தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்து ஹெர்மிஸ் முதல் நாள் இரவே திருகோணமலையை விட்டு வெளியேறித் தெற்கே வந்திருந்தது. விமானந்தாங்கிக் கப்பல்தான், ஆனால் அன்று அதில் விமானங்கள் இல்லை. அவை தரையில் சீனக்குடாவில் நின்றன. காலை பத்தரை மணிக்குப் பிறகு குண்டுகள் விழத் தொடங்கின. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த அவுஸ்திரேலியக் கப்பலான வம்பயரும் மூழ்கியது. ‘வீட்டா’ என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் காப்பாற்றியது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அன்று இலங்கையைத் தாக்க வந்த ஐந்து ஜப்பானிய விமானந்தாங்கிகளில் அக்காகி, சோர்யு, ஹிர்யு என்ற மூன்று இரண்டே மாதத்தில், ஜூன் மாதம் மிட்வே சண்டையில், பசுபிக் கடலின் அடியில் போய்விட்டன. நம்முடைய வானத்தில் பறந்த எத்தனையோ விமானிகளும் அந்த யுத்தம் முடியும்வரை உயிரோடு இருக்கவில்லை. அங்கேயும் பெற்ற தாய்மார் இருந்தார்கள்.

ஹெர்மிஸைச் சுழியோடிப் பார்க்க வெளிநாட்டவர் வருகிறார்கள். ஆழம் அதிகம் என்பதால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள்தான் இறங்கலாம். நம்முடைய பிள்ளைகளுக்கோ அந்தப் பெயரே தெரியாது. தரம் 10 வகுப்பொன்றில் கேட்டுப் பார்த்தோம். நாற்பது பேரில் இரண்டு பேர் கை உயர்த்தினார்கள். இருவரும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். மூழ்கிய கப்பலைச் சுற்றி மீன் கூடும் என்று வாப்பா சொன்னாராம்.

இரண்டாவது இடம் கல்லடிப் பாலம். பழைய இரும்புப் பாலம் 1924இல் திறந்தது, ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரில் லேடி மானிங் பாலம். ஒரு பக்கத்து வாகனம் வந்து முடியும்வரை மறுபக்கம் காத்து நின்ற காலம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுபோகும்போது அந்த வரிசையில் நின்று துஆ ஓதியவர்கள் எத்தனை பேர்! அதற்குப் பக்கத்தில் 2013 மார்ச்சில் திறந்த புதிய பாலம் ஜப்பானின் நிதியுதவியோடு வந்தது. ஒரு நூற்றாண்டுக்குள் நம் வாவிக்கு மேலே பிரித்தானியர் காலத்துப் பாலமும் ஜப்பான் காசில் கட்டிய பாலமும் தோளோடு தோள் நிற்கின்றன. 1942இல் இதே கடலில் ஒருவரையொருவர் கொன்றவர்கள் இவர்கள். பாலத்தில் நின்று மீன் பாட்டுக் கேட்க வருகிறவர்களுக்கு இதையும் சேர்த்துச் சொல்லலாமே.

மூன்றாவது இடத்துக்குப் பாலம் தாண்ட வேண்டியதில்லை, கல்லடிக் கடற்கரைக்கு நடந்தால் போதும். 2004 டிசம்பர் 26இல் சாய்ந்த திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரம் அங்கே இருக்கிறது. அந்த நாளுக்கு முன்பு ‘சுனாமி’ என்ற சொல் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அது ஜப்பானியச் சொல். ‘சு’ என்றால் துறைமுகம், ‘நாமி’ என்றால் அலை. இன்று எழுத்து வாசிப்புத் தெரியாத மூத்தும்மாவுக்கும் தெரிந்த ஒரே ஜப்பானியச் சொல் அதுதான்.

சொல்லை எடுத்துக்கொண்டோம், அதோடு அவர்கள் வைத்திருக்கும் பாடத்தை எடுக்கவில்லை. 1854இல் ஜப்பானின் ஹிரோ என்ற கரையோரக் கிராமத்தில் பூமி அதிர்ந்தது. கடல் வரப்போகிறது என்று உணர்ந்த ஹமகுச்சி கோர்யோ என்பவர் அறுவடை செய்து வைத்திருந்த நெற்கதிர்க் குவியல்களுக்குத் தீ மூட்டினார். இருட்டில் அந்த வெளிச்சத்தைப் பார்த்து மக்கள் மேட்டுக்கு ஏறித் தப்பினார்கள். பிறகு தன் சொந்தப் பணத்தைப் போட்டு ஊர்மக்களைக் கொண்டே கரையில் ஓர் அணையும் கட்டினார். அந்தச் சம்பவத்தை நினைத்துத்தான் ஐ.நா. நவம்பர் 5ஐ உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக்கியது. ஒரு போகம் நெல்லை எரிப்பது என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. வயல்காரன் பிள்ளைக்கு இந்தக் கதையை ஒரு தடவை சொன்னால் போதும், சாகும்வரை மறக்காது.

நான்காவது இடம் மண்முனைப் பாலம். நாங்கள் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

மண்முனைத் துறையில் முன்பு பாதைதான். மனிதர், சைக்கிள், மாடு, நெல்மூடை எல்லாம் அந்தப் பாதையில் ஏறித்தான் படுவான்கரைக்குப் போக வேண்டும். காற்று கடுமையென்றால் காத்திருக்க வேண்டும். யுத்த காலத்தில் சோதனைச் சாவடி வேறு. 2014 ஏப்ரலில் ஜப்பானிய நன்கொடையோடு 210 மீற்றர் நீளப் பாலம் வந்தது. இன்று ஐந்து நிமிடத்தில் அக்கரை.

இந்தப் பாலத்தின் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எழுவான்கரையில் நம்முடைய காத்தான்குடி. 1990 ஆகஸ்ட் 3 இரவு இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பள்ளிவாசல்களுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தத் துவாரங்களைப் பூசி மறைக்காமல் இன்றும் சுவரில் வைத்திருக்கிறோம். படுவான்கரையில் கொக்கட்டிச்சோலை. 1987இலும் 1991இலும் அந்தப் பகுதியில் தமிழ்க் கிராமத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். மகிழடித்தீவில் அவர்களுக்கு நினைவுத்தூபி இருக்கிறது. நாம் அங்கே போய் நின்றிருக்கிறோமா? அவர்கள் நம் பள்ளிச் சுவரை வந்து பார்த்திருக்கிறார்களா? பாலம் வந்து இத்தனை வருடமாகிறது. அதில் நெல் வருகிறது, தயிர் வருகிறது, நம்முடைய துணிமணி போகிறது. மற்றவனின் மௌத்தைப் பற்றிய பேச்சு மட்டும் இன்னும் கடக்கவில்லை.

ஜப்பான் வரலாற்றை விரும்பி வருகிறவர்களில் பலர் ஹிரோஷிமாவுக்கும் போனவர்களாக இருப்பார்கள். அங்கே அணுகுண்டில் எரிந்த கட்டடம் ஒன்றை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1996இல் அது உலக மரபுரிமைச் சின்னமானது. குண்டு போட்ட நாட்டிலிருந்து வருகிறவனும் அதைப் பார்க்கலாம், எவரையும் திருப்பி அனுப்புவதில்லை. ஜப்பானியர் தாங்கள் மற்ற நாடுகளுக்குச் செய்ததைப் போதுமான அளவு சொல்கிறார்களா என்ற கேள்வி சீனாவிலும் கொரியாவிலும் இன்றும் இருக்கிறது. நியாயமான கேள்விதான். அதே கேள்வி நமக்கும் உண்டு. நமக்கு நடந்ததைச் சொல்கிறோம். நம் பெயரால் நடந்ததையும் சேர்த்துச் சொல்கிறோமா?

ஒரு நாள் கூடக் கிடைத்தால் அவர்களைத் திருகோணமலைக்கு அனுப்பலாம். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்று 1942 ஏப்ரல் 9இல் எரிந்துபோனது. ஜப்பானிய விமானம் ஒன்று அதில் மோதியது என்பதுதான் சொல்லப்படும் வரலாறு. நிலாவெளி வீதியில் பொதுநலவாய யுத்த மயானம் இருக்கிறது. கல்லறைகளில் உள்ள வயதுகளை வாசித்தால் நம் உயர்தர வகுப்புப் பிள்ளைகளின் முகம்தான் நினைவில் வரும்.

இனி, இதைச் சொன்னபோது நண்பர்கள் கேட்டவை.

“குண்டு போட்டவனை நாம் ஏன் வரவேற்க வேண்டும்?” 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு சமாதான உடன்படிக்கை பேசியபோது, இலங்கை சார்பில் போன நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்தன, நட்டஈடு கேட்கும் உரிமை இருந்தும் நாங்கள் கேட்கப்போவதில்லை என்றார். பகையால் பகை தீராது என்ற புத்தரின் போதனையைக் காரணமாகச் சொன்னார். அதற்கு நன்றியாகக் காமகுராவின் பெரிய புத்தர் சிலை இருக்கும் விகாரையில் அவருக்கு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். “1983இல் அவர் ஜனாதிபதியாக இருக்கும்போதுதானே தமிழர்களின் வீடும் கடையும் எரிந்தன?” என்று நீங்கள் கேட்பீர்கள். ஆம். தூரத்து எதிரியை மன்னிப்பது சுலபம், பக்கத்து வீட்டுக்காரனோடு நீதியாக நடப்பதுதான் கஷ்டம். அதனால்தான் மண்முனைப் பாலத்தைப் பற்றி மேலே எழுதினோம்.

“ஜப்பான் சும்மாவா தந்தது? எல்லாம் கடன்.” எல்லாமே கடன் இல்லை. மண்முனைப் பாலத்துக்கு வந்தது நன்கொடை. சலுகை வட்டிக் கடனாக வந்த திட்டங்களும் நாட்டில் நிறைய உண்டு, அவற்றைக் கட்டித்தான் ஆக வேண்டும். அதையும் மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம்.

எனவே நாங்கள் கேட்பது சின்னச் சின்ன விடயங்கள்தான்.

1. 1942ஐக் கண்ணால் கண்டவர்கள் இன்று தொண்ணூறைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு மூத்தாப்பாவோ மூத்தும்மாவோ இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து, போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். ஜனாஸா அறிவித்தல் வந்த பிறகு கவலைப்பட்டுப் பயனில்லை.

2. கடலுக்குள் கிடக்கும் கப்பலிலிருந்து ஒரு துண்டு இரும்பையும் எடுக்க வேண்டாம், எடுப்பவர்களுக்குத் துணைபோகவும் வேண்டாம். அது பழைய இரும்புக் கடை இல்லை, ஒரு மையவாடி.

3. கல்லடியிலும் மண்முனையிலும் பாலமீன்மடுவிலும் மும்மொழியோடு ஜப்பானிய மொழியிலும் ஒரு பலகை வைக்கப் பிரதேச சபைகளையும் மாநகர சபையையும் சேர்ந்து கேட்போம்.

4. நம் பாடசாலைப் பிள்ளைகளையும் படுவான்கரைப் பாடசாலைப் பிள்ளைகளையும் ஒரே பஸ்ஸில் ஏற்றி இந்த நான்கு இடங்களையும் காட்டுவோம். முடிவில் நம் பள்ளிச் சுவருக்கும் மகிழடித்தீவுத் தூபிக்கும் இரண்டு பக்கப் பிள்ளைகளும் சேர்ந்து போகட்டும். வழிகாட்டித் தொழிலுக்கு வரும் இளைஞர்களும் அந்தப் பிள்ளைகளிலிருந்தே வரட்டும்.

நாலாவதற்குச் சிலர் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். “பழையதைக் கிளறாதீங்க சேர்” என்று இரண்டு கரையிலும் சொல்வார்கள். கிளறாமல் விட்டால் ஆறும் என்றால் முப்பது வருடத்தில் ஆறியிருக்க வேண்டும். 2019க்குப் பிறகு நம் ஊர்ப் பெயரைச் சொன்னாலே மற்றவர்கள் நம்மை எப்படிப் பார்த்தார்கள் என்று நாம் அனுபவித்தோம். நம்மைப் பற்றி மற்றவர்கள் ஒரே ஒரு கதையை மட்டும் தெரிந்து வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். நாமும் அவர்களைப் பற்றி அப்படி ஒரு கதையோடு மட்டும் இருக்கக் கூடாது.

அந்த வயதான தம்பதி திரும்பவும் வருவார்களோ தெரியாது. வேறு யாராவது வருவார்கள். அடுத்த முறை அந்தக் கேள்வியைக் கேட்டால், தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்து, “வாங்க, காட்டுறோம்” என்று சொல்லக்கூடிய நாலு பிள்ளைகளாவது நம் ஊரில் இருக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த 1942 பற்றிச் சொன்ன கதை ஏதும் இருந்தால் கீழே எழுதுங்கள். படுவான்கரை நண்பர்களே, நீங்களும் எழுதுங்கள். காத்திருக்கிறோம்.