முதல் பரிசு யாருக்கு?



கார் ரேஸ் என்றதும் வட்டம் வட்டமாகச் சுற்றும் ஃபார்முலா ஒன் தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் 1968 நவம்பர் 24-ல் லண்டனில் கிளம்பிய 98 கார்கள் போனது எங்கே தெரியுமா? சிட்னிக்கு! சுமார் 16,000 கி.மீ. துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், டெல்லி, பம்பாய். அங்கிருந்து கப்பல். பிறகு பெர்த்திலிருந்து மறுபடி புழுதி ரோடு.

அதில் எனக்குப் பிடித்தது பிரான்ஸின் சிட்ரோயன் டி.எஸ். 21. ஜனாதிபதி டிகால் போன சொகுசு கார் ரகம். "அதெல்லாம் கல்யாண ஊர்வலத்துக்குத்தான்டா லாயக்கு" என்கிறான் என் பெஞ்ச் நண்பன். தப்பு! ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு எண்ணெயும் நைட்ரஜன் வாயுவும் அடைத்த உருண்டைகள். ஒரு லீவரை நகர்த்தினால் காரே எழுந்து நிற்கும். கல் அடிவயிற்றில் இடிக்காது. சொகுசுக்காகச் செய்தது மோசமான ரோட்டில் கை கொடுத்தது. லூசியன் பியாங்கியும் ஓஜியேவும் கடைசி நாளிலும் முதலிடத்தில்!

சிட்னி நெருங்கும்போது, நௌரா ஊர்ப் பக்கம், எதிரே வந்த ஒரு மினி கார் மோதியது. பியாங்கிக்குப் பலத்த காயம். அந்த வழியாக வந்த போட்டியாளர் பேடி ஹாப்கிர்க் வண்டியை நிறுத்தி, குழுவோடு இறங்கி உதவினார்.

ஜெயித்தது ஆண்ட்ரூ கோவன், ஹில்மேன் ஹன்டர் காரில். 50 அபராதப் புள்ளி. ஹாப்கிர்க் இரண்டாமிடம், 56. ஆறே புள்ளி!

"பிழைக்கத் தெரியாத ஆளு" என்கிறான் அதே நண்பன். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்னொன்றும் கேளுங்கள். 1966 மான்டி கார்லோ ராலியில் மூன்றாவதாக வந்த ஹாப்கிர்க்கை, ஹெட்லைட் பல்பு சரியில்லை என்று நீக்கிவிட்டார்கள். முன்னால் வந்த இரண்டு மினிகளும் அப்படியே போச்சு. பரிசு யாருக்குப் போனது? ஒரு சிட்ரோயனுக்கு! அந்தக் கம்பெனி கார் நொறுங்கிக் கிடந்தபோதுதான் மனுஷன் பிரேக் போட்டார். கோவனும் நியாயமாகத்தான் ஜெயித்தார், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் என் ஓட்டு ஹாப்கிர்க்குக்கே.

பியாங்கி அன்று பிழைத்தார். 1969 மார்ச்சில் லே மான்ஸ் பயிற்சி ஓட்டத்தில் இறந்தார். ஹாப்கிர்க் 2022 வரை வாழ்ந்தார்.

அடுத்த வினாடி வினாவில் இவரைப் பற்றி ஒரு கேள்வி சேர்க்கும்படி பி.டி. சாரிடம் கேட்டிருக்கிறேன். வருஷம் 1968, மறந்துடாதீங்க!

– பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்